ஒருசந்தி மயக்கம் என்று சொன்னோம், மதினி

மதினி,

பிசியோதெரபி அறைக்கு வெளியே போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா பையைத் துழாவித் தைலப் பாட்டிலை எடுத்துத் திறந்தார். தன் வீட்டுக்காரருக்குத் தோளில் தேய்த்துவிடத்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடக்க ஆரம்பித்தேன். வாசலில் இருந்த காவலாளி, "யாரத் தேடுறீங்கம்மா?" என்று கேட்டார். "யாரையும் இல்லண்ணே, சும்மா நடக்குறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உள்ளே அண்ணன் ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். ஆமாம், உங்கள் வீட்டுக்காரர்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து இது ஏழாவது வாரம். பயப்படாதீர்கள், நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். அதை அப்புறம் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது என்று நீங்கள்தான் கேலி செய்வீர்கள். "அமலா கதை சொன்னா செத்தவன் மொதல்ல வருவான், பொறந்தவன் பின்னால வருவான்" என்பீர்கள். இந்தக் கடிதமும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அந்தத் தைலத்தைத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால், பெரிய வெள்ளிக்கிழமையன்று, உங்கள் முதுகில் அரை பாட்டில் தேய்த்தேன். என் கையில் மூன்று நாள் அந்த வாசம் இருந்தது. சோறு பிசையும்போதும் இருந்தது.

நீங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டா தூக்கிய கைக்காரி. குரலும் அதற்கு ஏற்றாற்போல. எரியோடு ரோட்டில் போகிற பஸ்ஸை வீட்டு வாசலில் நின்றபடியே சத்தம் போட்டு நிறுத்துவீர்கள். அதனால்தான் வருடா வருடம் சிலுவைப்பாதையில் பெண்கள் பக்கம் செபங்களை வாசிப்பது நீங்கள் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள் நான், உச்சரிப்பு எனக்குத்தான் சுத்தம் என்று ஒரு நினைப்பு. இதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் தாளை என் கையில் திணித்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு, சிலுவைப்பாதை தொடங்கும் குருசுமலை அடிவாரத்துக்குச் செருப்பில்லாமல் வந்தீர்கள். ஒருசந்தி என்றால் ஒரு வேளை சாப்பாடு என்றுதான் கோயில் சட்டம். தண்ணீர் குடிக்கலாம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். உங்களுக்கோ மூன்று மணி வழிபாடு முடியும்வரை எச்சில்தான் தண்ணீர். "அது சாமியாரோட சட்டம், இது எங்க அம்மாவோட சட்டம்" என்று யாரையும் கிட்டே சேர்க்க மாட்டீர்கள். இடது தாடையைப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள்.

"என்ன மதினி, பல்லா?"

"பல்லுதேன் போலருக்கு. காது வரைக்கும் இழுக்குது."

"ஈஸ்டர் முடிஞ்சதும் புடுங்கிருவோம். மொத்தமாப் புடுங்குனா அண்ணனுக்கும் நிம்மதி."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒருவர் வலியைச் சொல்லும்போது சிரிப்பது நம் வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இப்போது ஆத்திரம் வருகிறது.

பதினான்கு நிலைகளில் ஆறாவது வந்தபோது உங்கள் குரல் பாதி வரியில் நின்றது. கூட்டம் நீங்கள் அழுகிறீர்கள் என்று நினைத்தது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பித் தாளை நீட்டினீர்கள். "படி. மூச்சு வாங்குது" என்றீர்கள். உங்களைக் கைத்தாங்கலாக வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். முழுவதையும் படித்தேன், மதினி. மலை உச்சி வரைக்கும். நல்ல குரலில், நிறுத்தி, நிதானமாக, சந்தோஷமாகவே படித்தேன். கீழே நீங்கள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் படித்தேன்.

இறங்கி வந்து பார்த்தால் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. நல்ல நிழல், காற்றும் இருந்தது. நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தீர்கள். "வெறும் வயித்துல வெயில்ல நின்னா பித்தம் தலைக்கு ஏறாம என்ன செய்யும்? ஒருசந்தி மயக்கம்" என்று ஒரு குரல் சொன்னது. பிறகு எல்லோருமே அதைச் சொன்னார்கள். நம் ஊரில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் நாலு பேராவது மயங்கி விழுவார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். நீங்கள் ஐந்தாவது ஆள், அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

கோயிலை ஒட்டிய பங்குக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வைத்தோம். "முதுகுக்குக் குறுக்க, ரெண்டு தோளுக்கும் நடுவுல, கல்ல வச்சு அமுத்துன மாதிரி இருக்கு" என்றீர்கள். நெஞ்சு வலிக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நெஞ்சு வலிக்கவில்லை என்றால் நெஞ்சுவலி இல்லை என்று முடிவு கட்டினோம். நான் தைலத்தைத் திறந்தேன்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டேன், நினைவிருக்கிறதா? அதை மட்டும் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ள ஆசைப்படுவேன்.

"மதினி, நூத்தியெட்டுக்குப் போன் போடட்டுமா?"

கண்ணை மூடியபடியே கையை ஆட்டினீர்கள். "அடி போடி அவசரக்குடுக்கை. கோயில் மணியே அடிக்காத நாளு. மணிக்குப் பதிலாக் கட்டையத் தட்டிக்கிட்டு எல்லாரும் அமைதியா இருக்கப்ப, நான் ஊளை விட்டுக்கிட்டு வண்டில போகணுமா? சாமியார் என்ன நெனப்பாரு? செத்த நேரம் படுத்தாச் சரியாப் போகும்."

உங்களுக்குத் தெரிந்த அமலா போனை எடுத்திருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னாலேயே இறக்கிவிடுகிறவள், பஸ் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய் நிற்கிறவள். வாழ்நாள் முழுக்க எதற்கும் பொறுக்காதவள் அன்றைக்கு ஒருநாள் உங்கள் பேச்சைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உங்கள் பேச்சுக்காக மட்டும் இல்லை. மணி அடிக்காத நாளில் சைரன் சத்தத்தோடு ஒரு வண்டி கோயில் வளாகத்துக்குள் நுழைவதை நினைத்தால் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

மணி ஒன்றரைக்கு உங்கள் உதடு சாம்பல் நிறத்துக்கு மாறியது. வயலில் இருந்து அண்ணன் ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பறந்தோம். பின்சீட்டில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. "ஏத்தா, கஞ்சிக்கு உப்புப் போட்டாகளான்னு பாரு" என்றீர்கள். கோயிலில் ஊற்றுகிற கஞ்சியைத்தான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்பம்மா ஆரம்பிச்சது?"

"காலைல பத்து மணி இருக்கும் சார்."

அவர் பேனா நின்றது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெரிய அட்டாக்கும்மா. பாக்குறோம்" என்று உள்ளே போனார். மூன்று மணிக்கு வெளியே வந்தார்.

மூன்று மணி. ஆண்டவர் உயிர்விட்ட நேரம் என்று நாம் முழங்காலில் நிற்கிற நேரம். அந்த நேரத்தில்தான் நீங்களும் போனீர்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் முதலில் அழவில்லை, முதலில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "பெரிய வெள்ளி, மூணு மணி, ஒருசந்தியோட போயிருக்கா. புண்ணியவதி. யாருக்கு இந்தச் சாவு கெடைக்கும்?" என்றார்கள். பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்க வந்தார்கள். ஓசூரில் இருந்து வந்த உங்கள் மகனின் கையைப் பிடித்து, கொடுத்துவைத்த தாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம், அவனும் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

அண்ணன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். யார் துக்கம் கேட்க வந்தாலும் அதையே முதலில் சொல்வார். அய்யலூர்ச் சந்தையில் முகம் தெரியாத வியாபாரியிடம்கூடச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிரும். அதைப் பார்த்து எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆண்டவரே நேரம் குறித்து அழைத்துக்கொண்டார் என்றால் நான் மலை உச்சி வரை வாசித்ததில் தப்பில்லை அல்லவா?

மறு வருடம் பள்ளியில் ஊழியர்களுக்கு முதலுதவி வகுப்பு வைத்தார்கள். ஒரு செவிலியர் வந்து பேசினார். மாரடைப்பு என்றால் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ மாட்டார்கள், பெண்களுக்குப் பல தடவை வேறு மாதிரி வரும் என்றார். தாடையில் வலி என்றார். முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் என்றார். நிழலிலும் வேர்க்கும், குளிர்ந்த வேர்வை, குமட்டல், வாந்தி, மூச்சு வாங்கும் என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலவே இருந்தது. "வாய்வுன்னும் பித்தம்னும் நீங்களே பேரு வைக்காதீங்க. அது எங்க வேலை. போன் பண்றது மட்டும்தான் உங்க வேலை. ஒவ்வொரு நிமிஷமும் இதயத்துல கொஞ்சம் செத்துக்கிட்டே இருக்கும்" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தலைமையாசிரியர் என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுச் சுவரை ஒட்டிய உங்கள் வீட்டு வாசலில் அண்ணன் யாரிடமோ உங்கள் மூன்று மணிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த மனிதர் சாய்ந்திருக்கும் ஒரே தூணைப் போய் நான் இழுப்பதா? இரண்டு வருடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரையும் தொல்லை பண்ண ஆரம்பித்தேன். பஸ்ஸில் யாராவது தாடையைத் தடவினால் போதும், பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரிப்பேன். வேர்த்தவர்களை எல்லாம் பிடித்து நிறுத்துவேன். "அமலா வாரா, எல்லாரும் வேர்வையத் துடைங்க" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். பக்கவாதத்தையும் அந்த வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். முகம், கை, பேச்சு. எங்கள் அலுவலகத் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒரு தாளில் டைப் அடித்து ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அண்ணன் இரண்டு ஆட்டுக்குட்டிகளை அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள நான் வெஞ்சனக் கிண்ணத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்குள் நுழைகிறேன், அவர் கையில் இருந்த கயிறு நழுவுகிறது. குட்டி பாட்டுக்குப் போகிறது. அவர் அதைப் பிடிக்கப் போகாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "என்னண்ணே?" என்றேன். பதில் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"அண்ணே, சிரிங்க."

முறைத்தார். ஆட்டைப் பிடிக்காமல் சிரிக்கச் சொல்கிறாளே என்று நினைத்திருப்பார். வாயின் வலது ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடது கை நின்றது. வலது கை மெல்ல இறங்கியது. நான் அதற்குள் போனை எடுத்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஊரைச் சொன்னேன், கோயிலை அடையாளம் சொன்னேன். மணி ஏழு இருபது. மறந்துவிடுவேனோ என்று பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக்குள் போய்ப் படுக்கப் பார்த்தார். ஏதோ குழறினார். "செத்த நேரம்" என்பது மட்டும் விளங்கியது. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ, "ஒரு நிமிஷம்கூடக் கிடையாது, உக்காருங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா காப்பி கொண்டுவந்தார். இப்போது எதையும் வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும் என்று தட்டிவிட்டேன். காப்பி அவர் சேலையில் கொட்டியது. கை கால் விழுந்தால் பச்சிலை கொடுக்கிற ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே போகலாம் என்று இன்னொருவர் ஆரம்பித்தார். "நீங்க போங்க, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். வண்டி வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தம் கேட்டது. யாருக்கும் அது கூச்சமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே கேள்வி. எப்போது ஆரம்பித்தது? உள்ளங்கையைக் காட்டினேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். சாயங்காலம் அண்ணன் விரலை அசைத்தார். "நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்கம்மா. அதான் ஆளு பொழச்சாரு" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று வெளியே நினைத்திருப்பார்கள்.

டாக்டர் சொன்னதை அண்ணன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, நான் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் கேட்டார். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை, ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான் வெளியே கொண்டுவருகிறார்.

"அன்னைக்கும்... சட்டுனு போயிருந்தா... அவ இருந்திருப்பாளா?"

நான் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று பொய்கள் தயாராக வாயில் வந்து நின்றன. ஆண்டவர் சித்தம் என்று சொல்லியிருக்கலாம். அது வேறே நோய் என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இருந்திருக்கலாம்ண்ணே" என்றேன். "பத்து மணிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை என்று ஆட்டியிருக்கிறார்.

"பத்து மணி இல்ல... அஞ்சு மணி" என்றார். "விடியமுன்ன... எந்திரிச்சு உக்காந்தா. தாடை வலிக்குது, முதுகு வலிக்குதுன்னா. டாக்டர்ட்ட போவமான்னு... அவதேன் கேட்டா. நாந்தேன்... பெரிய வெள்ளி முடியட்டும்னேன். அவ... சரின்னுட்டா."

நீங்களே கேட்டீர்களா, மதினி? யாரிடமும் எதையும் கேட்காத நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் பல்வலி என்று சொன்னபோது ஒருமுறை கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்து நின்றிருக்கிறீர்கள். எனக்கு இது தெரியாது. மூன்று வருடமாக நான் பத்து மணியில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் ஐந்து மணியில் இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் படுத்துக்கொண்டு.

அண்ணன் மேல் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் என்னைத் திட்டினார், தாளைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டாமா என்று. திட்டி முடிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

போன வாரம் உங்கள் சித்தி மகள் அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். வழக்கம்போல ஆரம்பித்தார், "எங்க அக்கா புண்ணியவதி, பெரிய வெள்ளில..." அண்ணன் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். ஏதோ சொன்னார். சித்தி மகளுக்குப் புரியவில்லை. "என்ன மாமா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் எடுத்துச் சொல்லப் போகவில்லை. அண்ணன் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"புண்ணியம் இல்ல. ஹார்ட் அட்டாக். அவ சொன்னா. நாங்க கேக்கல."